உன் அம்மாவின் ஐந்து உறைகள்

தம்பி, இதை நின்றபடி படிக்காதே, உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை உன் நம்பரை எடுத்தேன். இரண்டு முறையும் கல்யாணக் கோட்டின் தோள் அளவைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் இந்த விஷயத்தில் கோழை. கை அப்படியில்லை என்று நினைக்கிறேன், பார்ப்போம். உன் வரவேற்புக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் நீ தெரிந்துகொண்டே ஆகவேண்டியது ஒன்று உண்டு. பதினாறு வருஷமாக நீ அம்மாவின் கடைசிக் கடிதங்கள் என்று வைத்திருக்கிறாயே, அவற்றை எழுதியது அம்மா இல்லை. நான்.

போன சனிக்கிழமை மத்தியானம் சஹனா பிரேசர் டவுன் வீட்டுக்கு வந்தாள். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த முகம், கையில் உன் பழைய பிஸ்கட் டப்பா. எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வைக்கச் சொன்னாள். "ஐது லெட்டர் இருக்கு அங்கிள். ஜோபானவா, பத்திரமா வெச்சுக்கோங்க. எனக்கு அந்த மூணாவதுதான் முக்கியம். அத்தே எனக்குன்னு எழுதினது அது ஒண்ணுதானே. ரிசெப்ஷன்ல நானே கன்னடத்துல மாத்திப் படிக்கப்போறேன், எங்க அம்மாவும் கேக்கட்டும்" என்றாள். பார்த்தேயிராத மாமியாரை அத்தே அத்தே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தேன், தலையை ஆட்டினேன். கடிதம் நான்குதானே, இவள் ஐந்து என்கிறாளே என்று மட்டும் ஒரு நினைப்பு. கணக்குத் தவறியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

என் பித்து உனக்குத் தெரியும். பொம்மசந்திரா தொழிற்சாலையில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷன் அறையில் உட்கார்ந்து, ஆயிரம் பாகமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்தே சம்பளம் வாங்கியவன். அதனாலோ என்னவோ, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத பொருள்மேல் ஆசை வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு ஷூ பெட்டி நிறையக் கொடுத்தார். எல்லாம் நூற்றைம்பது வருஷம் முந்தைய அமெரிக்கக் கடித உறைகள். அந்தக் காலத்துச் சிற்றூர் போஸ்ட்மாஸ்டர்கள் பாட்டில் கார்க்கைக் கத்தியால் செதுக்கித் தங்களுக்கென்று ஒரு முத்திரை செய்துகொள்வார்கள். நட்சத்திரம், இலை, சாவி, ஒரு ஊரில் மண்டையோடு. கார்க் தேயத் தேய மண்டையோட்டின் சிரிப்பு அகலமாகிக்கொண்டே போகும். அதை நான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே கடிதம் இருக்காது, வெறும் உறைதான். அம்மா கேலி செய்வாள்: "சோறு இல்லாத டிபன் பாக்ஸை வாங்கி வெச்சு மோந்து பாக்குறீங்க."

ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு உறைகளை அவளே தனியாக எடுத்துவைத்தாள். சுற்றிலும் கறுப்பு ஓரம். வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் பயன்படுத்திய உறை அது. வெர்மான்ட் பக்கத்து ஒரு குக்கிராமம். அங்கே முத்திரைகூடக் கிடையாது, போஸ்ட்மாஸ்டர் ஊர்ப் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதுவார். போஸ்ட்மாஸ்டர் தன் பெயரை மூலையில் எழுதினால் ஸ்டாம்பு வேண்டாம் என்பது அன்றைய சலுகை. இந்த இரண்டிலும் அப்படி எழுதியிருந்தது. பெறுபவர் அதே குடும்பப் பெயர் கொண்ட ஒரு திருமதி, அதே ஊர். நான் கையெழுத்தைத்தான் பார்த்தேன். விலாசமும் தேதியும் மூலையில் இருந்த பெயரும் ஒரே கை. ஓரங்கள் மழுங்கவில்லை, மடிப்பு இல்லை, தபால் பைக்குள் ஒருநாள்கூடக் கிடக்காத காகிதம். எனக்குப் பெருமை, ஒரு புதிரை அவிழ்த்துவிட்டேன் என்று. அம்மா சிரிக்கவில்லை. "அவரே எழுதி, அவரே தேதி போட்டு, அவரே வாங்கி வெச்சுக்கிட்டிருக்காரு. பொண்டாட்டிக்கு. வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு யாருங்க தபால் போடுவாங்க? அவ உயிரோட இல்லை" என்றாள். அதற்குப் பிறகு அந்த உறைகளை அவள் தொடவில்லை. ஆல்பத்தைத் திறந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

இனி உனக்குப் பாதி மட்டும் தெரிந்த பகுதியை முழுதாகச் சொல்கிறேன். நீ ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. செல்போன் கூடாது, மாதம் இரண்டு ஞாயிறு ஐந்து நிமிஷம் ஆபீஸ் போன். வாரம் ஒரு கடிதம் அம்மாவிடமிருந்து. பொதுத்தேர்வு முடிய ஐந்து வாரம் இருந்தபோது, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் இரத்தக்கசிவு. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "பையனுக்குப் பரீட்சை. இப்ப சொல்லாதீங்க." நம் ஜனங்கள் சாவைக்கூட மார்க் ஷீட் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆனால் பழியை அவர்கள்மேல் போட மாட்டேன். தலையாட்டியது நான். அடுத்த ஞாயிறு போனில் நீ கேட்டாய்: "இந்த வாரம் அம்மா லெட்டர் வரலையேப்பா?" நான் தொண்டைக்கட்டு என்றேன். "தொண்டை கட்டினா கை என்னாச்சு?" என்றாய். உனக்கு எப்போதும் அளவு பார்க்கத் தெரியும்.

மறுநாள் காலை அவளுடைய லெட்டர் பேடை எடுத்தேன். பாதி எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. 'என் பட்டு' என்று தொடங்கிப் பத்து வரி. பதினோராவது வரியிலிருந்து நான் எழுதினேன். போலி முத்திரைகளைப் பிடித்துப் பிடித்துப் பழகியவனுக்குப் போலி செய்யத் தெரியாதா? அவளுடைய மளிகைச் சீட்டுகளைத் தலைகீழாக வைத்து வடிவத்தை மட்டும் பார்த்து எழுதிப் பழகினேன். அவள் ஸ்டாம்பின் பசையை நம்பமாட்டாள், சோற்றுப் பருக்கை வைத்துதான் ஒட்டுவாள். நானும் பருக்கை வைத்தேன். தொழிற்சாலை வாசலில் தபால் பெட்டி இருந்தும் அங்கே போடவில்லை. பொம்மசந்திரா முத்திரை விழுந்தால் நீ பார்த்துவிடுவாய் என்று பயம். சர்ச் முனையில் அவள் போடுகிற அதே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உலகத்தில் வேறு எந்த அப்பனுக்கும் இது தோன்றியிருக்காது. மனைவி மூச்சுக் குழாயோடு கிடக்கிறாள், இவன் முத்திரை சரியாக விழுமா என்று கவலைப்படுகிறான்.

அப்படி நான்கு. ஒவ்வொன்றும் எழுதுவது சுலபமாகிக்கொண்டே வந்தது, அதுதான் பயங்கரம். முதல் கடிதத்துக்கு மூன்று மணி நேரம். மூன்றாவதுக்கு அரை மணிகூட ஆகவில்லை. எழுதும்போது வாய் தானாக அவள் மாதிரி கீழுதட்டைக் கடித்துக்கொள்ளும். ஒருநாள் காலை பேனாவை மூடி வைத்து நிமிர்ந்தபோது, எதிரே அவளுடைய நாற்காலி மேஜையை விட்டுத் தள்ளி இருந்தது, யாரோ எழுந்து போனது போல. நான்தான் இழுத்திருப்பேன். மூன்றாவது கடிதம் எழுதிய நாளுக்கு முந்திய நாள்தான் டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, இனி திரும்பி வர வழியில்லை என்றார். அதனால்தான் அந்தக் கடிதத்தில் அந்த வரிகள். 'பட்டு, உனக்கு வரப்போறவளை நான் இப்பவே ஆசீர்வதிக்கிறேன். அவ எந்த ஊரா இருந்தாலும், எந்த பாஷை பேசினாலும், என் நகைப்பெட்டிச் சாவி அவளுக்குத்தான்.' அம்மா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருப்பாள் என்று நான் முடிவு செய்தேன். சஹனா மேடையில் படிக்க ஆசைப்படுவது என் வாசகத்தை.

கடைசிப் பரீட்சை முடிந்து, நீ மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கியபோது வீட்டு வாசலில் பந்தல். முந்தின நாள் சாயங்காலம் போய்விட்டாள். நீ பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போன வாரம்கூட எழுதியிருந்தாங்களே" என்றாய். நீ அழவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டே உனக்கு எழுதினாப்பா" என்று இன்னொரு பொய்யை மேலே வைத்தேன். நீ அந்தக் கடிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தாய். நான் உன் பின்னால் நடந்தேன்.

இப்போது சஹனா கொடுத்த டப்பாவுக்கு வருகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் ஜன்னல் வெளிச்சத்தில் திறந்தேன். ஐந்து உறைகள். திரும்ப எண்ணினேன். அமெரிக்க உறைகளைப் பார்ப்பது போலவே லென்ஸ் எடுத்து வரிசையாகப் பார்த்தேன், வேறு விதமாகப் பார்க்க எனக்குத் தெரியாது. உண்மையான எழுத்து ஓடும். போலி எழுத்து நடக்கும், வளைவு வரும் இடத்திலெல்லாம் நின்று யோசிக்கும், பேனா எழும்பி உட்கார்ந்த தடம் தெரியும். என்னுடைய நான்கிலும் அந்தத் தடங்கள் இருந்தன, முதலாவதில் பதினோராவது வரியிலிருந்து. ஐந்தாவது உறையில் இல்லை. ஒரே ஓட்டம். ஸ்டாம்புக்கு அடியில் பருக்கை மேடு. நம் பெட்டியில் போட்டதற்கான முத்திரை, பின்பக்கம் ஏற்காட்டு வரவு முத்திரை, இரண்டும் உண்மையானவை. தேதி என் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில். அந்தத் தேதியில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள்.

முன்பே எழுதிக் கைப்பையில் வைத்ததை யாராவது எடுத்துப் போட்டிருக்கலாம் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்து, மூச்சை விட்டுக்கொண்டு உள்ளே இருந்ததைப் பிரித்தேன். மூன்றாவது வரி இது: 'அப்பா நேத்து நீலச் சட்டையை பட்டன் மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நின்னார். சிரிப்பு வந்துச்சு, சிரிக்க முடியலை.' நீ அப்போது படித்துவிட்டுச் சிரித்திருப்பாய், அப்பா எப்போதும் அப்படித்தான் என்று. தம்பி, அது நடந்தது ஆஸ்பத்திரியில். பார்வை நேரத்தில் அவள் கட்டிலருகே பத்து நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்தபோது, லிப்ட் பக்கத்தில் ஒரு நர்ஸ், "சார், பட்டன் மாறிப் போச்சு" என்றார். மாற்றிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமும் இல்லை. உள்ளே இருந்தபோது அவள் கண் மூடித்தான் இருந்தது.

நானே எழுதி மறந்துவிட்டேனா? அந்த ஐந்து வாரத்தில் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால்கூடத் தெரியாது, ஆகவே இருக்கலாம். ஆனால் நான் எழுதியிருந்தால் அந்தப் பேனா எங்காவது ஒரு வளைவில் நின்றிருக்கும். மூன்று நாளாகத் தேடுகிறேன், நிற்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன இரண்டாம் மாதம், எனக்கு வழக்கமாக உறைகள் அனுப்பும் வெளிநாட்டு வியாபாரியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அதே வெர்மான்ட் கிராமம், அதே கறுப்பு ஓரம். இந்த முறை விலாசத்தில் இருந்தது போஸ்ட்மாஸ்டரின் பெயர். எழுதிய கை வேறு, மெல்லிய, சாய்ந்த எழுத்து. ஊரும் தேதியும் மட்டும் அவர் கை. தன் எழுத்தை மாற்றித் தனக்கே பதில் போட்டுக்கொண்டிருக்கிறார், பாவம், என்று சொல்லி அதை ஒரு உறைக்குள் வைத்து மூடினேன், ஆல்பத்தில் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையும் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்த எழுத்தும் ஓடுகிறது. எங்கும் நிற்கவில்லை. பேய் பிசாசு என்று பேசுகிறவன் இல்லை நான், உனக்குத் தெரியும். அன்று சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போகாமல் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் போய் வாங்கிக் குடித்தேன்.

கல்யாணத்துக்கு அப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. சஹனாவின் வாயால் நீ பேசாதே. அவள் என்ன நினைப்பாள், என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்கு அத்துப்படியாகும் நாள் வரும், அன்றைக்குத்தான் ஜாக்கிரதையாக இரு. நல்லதுக்குத்தான் என்று எதையும் அவளிடமிருந்து மறைக்காதே. நல்லதுக்குத்தான் என்று நான் மறைத்ததில், உயிரோடு இருந்த அம்மாவின் கையை ஐந்து வாரம் நீ பிடிக்காமல் போனாய். அவள் கை சூடாகத்தான் இருந்தது, தம்பி. கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள் என்பதை இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை. யாருடைய காலடிக்காகக் காத்திருந்தாளோ அந்தக் காலடி வரவேயில்லை. வந்ததெல்லாம் பட்டன் மாற்றிப் போட்ட நான்.

சஹனா மேடையில் நின்று என் பொய்யைக் கன்னடத்தில் படிக்க நான் விடமாட்டேன். அந்த ஆசீர்வாதம் மாமனாருடையது என்று அவளிடம் நானே சொல்கிறேன், நீ முதலில் இதைப் படித்த பிறகு. அவளுக்கு அது வேண்டாம் என்றாலும் சரிதான். நகைப்பெட்டிச் சாவி மட்டும் உண்மை, அது அவளுக்குத்தான். ஐந்தாவது கடிதத்தை என்ன செய்வது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் கடைசி வரிகளை நீ மறுபடி ஒரு தரம் படிக்கவேண்டும். உன்னை விடுதியில் சேர்த்தபோது நாம் போட்ட சண்டையைப் பற்றி என்று அந்த வயதில் நினைத்திருப்பாய். நான் எழுத்து மாறாமல் எழுதித் தருகிறேன்: 'அப்பா ஒருநாள் உன்கிட்ட மன்னிப்பு கேட்பார். உடனே குடுத்துடாதே பட்டு. நல்லா கோபப்படு. அப்புறம் குடு.'

கேட்கிறேன். அவள் பெயரில் நான்கு கடிதம் எழுதியவன், என் பெயரில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நன்றாகக் கோபப்படு, தம்பி. ஒன்பது நாள் போதாது என்றால் அவசரமில்லை. வரவேற்பன்று நான் வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மேடைக்கு நீ கூப்பிட்டால் வருகிறேன்.